ரெண்டு கோடு காட்டிய சிம்

எனக்கு எழுத வராது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அஞ்சாம் வகுப்போடு நின்றவள். கால் போடவேண்டிய இடத்தில் கொம்பு போட்டிருப்பேன், பார்த்துப் படித்துக்கொள்ளுங்கள். மறதியும் உண்டு. ஒன்றைச் சொல்ல ஆரம்பித்து, அது எந்த வருஷம் என்று யோசித்துக்கொண்டே சொல்லவந்ததை விட்டுவிடுவேன்.

ஆபீசில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் நீங்கள், பழைய ஆட்கள் ஆளுக்கு ஒரு அனுபவம் எழுதித் தரவேண்டும் என்று கேட்டு அனுப்பினீர்கள். வாயால் சொல்லச் சொன்னால் நான் ஓடிவிடுவேன் என்று யாரோ உங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். என் வழியனுப்பு விழாவில் மைக்கைக் கையில் கொடுத்தபோது, “எல்லாரும் சாப்ட்டுட்டுப் போங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தவள் நான். இதை எழுதவும் மாட்டேன் என்றுதான் இருந்தேன். ஏன் எழுதுகிறேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

2006இல் நான் ஒரகடம் ஆபீசுக்குப் பெருக்கவும் டீ போடவும் வந்தேன். ஸ்கிரீன் பார்க்கும் பெண் ஒருநாள் சாப்பிடப் போகும்போது, “ஒரு அஞ்சு நிமிஷம் பாத்துக்கங்கம்மா, கலர் மாறினா கூப்பிடுங்க” என்றாள். அவளுக்குக் கல்யாணம் ஆகி அவள் வேலையை விட்டுப் போன பிறகும் அந்த அஞ்சு நிமிஷம் முடியவில்லை. 2015 வரைக்கும் நான்தான் பார்த்தேன்.

நம் வேலை என்ன என்று உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் புரிந்துகொண்ட விதத்தைச் சொல்கிறேன், சிரிக்காதீர்கள். எங்கோ ஒரு ஜெனரேட்டர் ஓடுகிறது, ஒரு போர் மோட்டார் ஓடுகிறது. அதன் பக்கத்தில் டிபன் பாக்ஸ் அளவுக்கு நம் பெட்டி. உள்ளே ரெண்டு கம்பெனியின் ரெண்டு சிம். மெஷின் எப்படி இருக்கிறது என்று பெட்டி நிமிஷத்துக்கு ஒரு தரம் செல்போன் நெட்வொர்க் வழியாக நமக்குச் சொல்லும். ஒரு கம்பெனி படுத்துவிட்டால் தானாக இன்னொன்றுக்குத் தாவும். எல்லாம் சரியாக இருந்தால் ஸ்கிரீனில் பச்சை. மெஷினில் கோளாறு என்றால் சிவப்பு. சேதியே வராவிட்டால் சாம்பல் நிறம்.

நாங்கள் மூன்று கம்பெனியின் சிம் வைத்திருந்தோம். பெயர்கள் என் வாயில் நுழையாததால் மூத்த மாப்பிள்ளை, நடு மாப்பிள்ளை, சின்ன மாப்பிள்ளை என்று வைத்துவிட்டேன். மூத்தவர் எங்கே போனாலும் முதல் வரிசையில் உட்காருவார். நடுவர் அவரை ஒட்டியே உட்காருவார். சின்னவர் வாசலோடு நின்று எட்டிப் பார்ப்பார். சின்னவரின் சிம்மை யாரும் சீண்டமாட்டார்கள். போகப் போக மேனேஜரே, “அந்த சைட்ல நடு மாப்பிள்ளை ஏன் அடிக்கடி தூங்குறாரு?” என்று கேட்கும் அளவுக்கு வந்துவிட்டது.

எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் ஒரு டெக்னீஷியன். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், வல்லக்கோட்டையில் நாலு பேரோடு ரூம் எடுத்துத் தங்கியிருந்தார். என்னைவிட இருபது வயதுக்கு மேல் சின்னவர். பெயரைப் போட்டால் கோபித்துக்கொள்வார், அதனால் போடவில்லை. முதல் வாரம் சாம்பல் நிறத்தைப் பார்க்கும்போதெல்லாம் நான் பதறி எழுந்து நிற்பேன். அவர் சொன்னார்: “யக்கா, சாம்பல்னா கெட்டுப்போச்சுன்னு அர்த்தம் இல்ல. நல்லாருக்குன்னும் அர்த்தம் இல்ல. நமக்குத் தெரியலன்னு அர்த்தம். அவ்வளவுதான், உக்காருங்க.” நான் உட்கார்ந்தேன். ஆனால் தெரியவில்லை என்றால் எப்படி நிம்மதியாக உட்காருவது என்று அவர் சொல்லிக்கொடுக்கவில்லை.

இனி கோழி ஷெட் கதை.

பிள்ளைப்பாக்கத்தில் ஏகாம்பரம் என்று ஒருவர். நிலத்தில் பாதி கம்பெனிக்குப் போய்விட்டது. வந்ததை எல்லாம் போட்டு, மீதி நிலத்தில் பெரிய கோழி ஷெட் கட்டினார். பக்கமெல்லாம் படுதா போட்டு மூடி, ஒரு முனையில் ஆளுயரக் காத்தாடிகள் வைத்த ஷெட். கரண்ட் போனால் ஜெனரேட்டர் தானாக ஓடும். உள்ளே ஆயிரக்கணக்கில் கோழி. நமக்கு இருந்ததெல்லாம் பேக்டரிகள்தான். கோழிக்காரர் இவர் ஒருத்தர்தான். அதனால் ஆபீசில் இவர் பேரைச் சொன்னாலே யாராவது கொக்கரிப்பார்கள்.

பெட்டி வைக்கும் நாளில் டெக்னீஷியன் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். ஏகாம்பரம் பேசுவது தனக்குப் பாதிதான் புரிகிறது என்றார். ஏகாம்பரமும் அதையேதான் என்னிடம் சொன்னார்: “இன்னாக்கா, இந்தத் தம்பி தமிழ்தான் பேசுதா?”

என் வேலை மூன்று போனைத் தூக்கிக்கொண்டு ஷெட்டைச் சுற்றி நடந்து, சிக்னல் எத்தனை கோடு என்று கத்துவது. கோடு எண்ணப் படிப்பு வேண்டாமே. “மூத்தவர் அஞ்சு! நடுவர் அஞ்சு! சின்னவர் ரெண்டு!” என்று கத்தினேன். அஞ்சு கோடு வந்த ரெண்டையும் பெட்டிக்குள் போட்டோம். அப்படித்தான் எல்லா இடத்திலும் செய்வோம். நல்லதாகப் பார்த்து ரெண்டு எடுப்பதில் என்ன தப்பு வரப்போகிறது?

ஏகாம்பரம் கேட்டார், “ஒரு கால் மணி நேரம் காத்தாடி நின்னா போதும்க்கா, அத்தினியும் பாய் விரிச்சாப்ல படுத்துடும். நான் நம்பி வூட்டுக்குப் போய் சாப்டலாமா?”

“தைரியமா போ தம்பி. ஒருத்தர் தூங்குனா இன்னொருத்தர் முழிச்சிக்கினு இருப்பாரு. நான் பாத்துக்கறேன்” என்றேன்.

யாருக்கும் வாக்குக் கொடுத்துப் பழக்கமில்லாதவள், அன்றைக்கு அஞ்சு கோட்டைப் பார்த்ததும் வாய் நீண்டுவிட்டது. அவர் நம்பினார். ஷெட்டில் ஒரு சைரன் வைத்திருந்தார். கரண்ட் போகும்போதெல்லாம் அது ஊரைக் கூட்டுகிறது என்று அக்கம்பக்கத்தில் சண்டை. பெட்டி வந்த பிறகு அதன் ஒயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டார்.

மின்வெட்டு தாங்கமுடியாமல் இருந்த வருஷம் அது. கத்திரி வெயில். மத்தியானம் ஒரு மணி தாண்டியிருக்கும், பிள்ளைப்பாக்கத்துப் பெட்டிகள் மூன்றும் சேர்ந்தாற்போல் சாம்பல் ஆயின. ஒரு போர் மோட்டார், ஒரு குடோன் ஜெனரேட்டர், ஏகாம்பரத்தின் ஷெட்.

மேனேஜர் வந்து எட்டிப் பார்த்தார். நல்ல மனிதர், ஆனால் அவர் கையிலிருந்த போனில் ஒரு பெரிய கம்பெனிக்காரர் கத்திக்கொண்டிருந்தார். மறைமலை நகரில் அவர்களுடைய டீசல் டேங்க் அளவு தப்பாகக் காட்டுகிறதாம். டெக்னீஷியன் அங்கேதான் பைக்கில் போய்க்கொண்டிருந்தார். மேனேஜர் ஸ்கிரீனைக் காட்டி, “ஷெட்ல சூடு இருபத்தெட்டு புள்ளி நாலுன்னு இருக்கேம்மா. ஜெனரேட்டரும் ஓடுது. நெட்வொர்க் வந்துடும், அரை மணி பாருங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ரூல் அப்படித்தான். சாம்பல் ஆனால் அரை மணி பொறுக்கவேண்டும்.

எனக்கு ஸ்கிரீனில் உள்ள இங்கிலீஷ் படிக்க வராது. அதனால் நாள் முழுக்க எண்களை மட்டுமே பார்த்துக்கொண்டிருப்பேன். ஷெட்டின் சூடு ஒரு நிலையில் நிற்காது. இருபத்தெட்டு புள்ளி நாலு என்பது அடுத்த நிமிஷம் புள்ளி மூணு ஆகும், அப்புறம் புள்ளி அஞ்சு. மூச்சு விடுகிற மாதிரி ஆடிக்கொண்டே இருக்கும். இப்போது புள்ளி நாலிலேயே நிற்கிறது. அது கடைசியாக வந்த சேதி. மேனேஜர் படித்தது பழைய பேப்பர்.

ஏகாம்பரத்துக்குப் போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. ஷெட்டில் வேலை செய்கிறவருக்குப் போட்டேன். அதுவும் அப்படியே. டெக்னீஷியன் வண்டியை ஓரம் கட்டி எடுத்தார்.

“ரெண்டு சிம்மும் போயிட்டுன்னா பெட்டிதான் செத்துருக்கும்க்கா. நான் இங்ஙன முடிச்சிட்டு வேற பெட்டி எடுத்துட்டு வாரேன்.”

“மூணு பெட்டி ஒரே நிமிஷத்துல சாவாது தம்பி. ஏகாம்பரம் போனும் செத்துக் கீதே. அதுக்குள்ள நம்ம பெட்டியா கீது?”

அவர் வண்டியை ஸ்டார்ட் பண்ணும் சத்தம் கேட்டது. “நான் திரும்புதேன். ஆனா முக்கா மணி நேரம் ஆவும்க்கா” என்றார்.

கால் மணியில் படுத்துவிடும் என்று ஏகாம்பரம் சொல்லியிருந்தார். ஸ்கிரீன் சாம்பல் ஆகி ஏற்கெனவே ஏழெட்டு நிமிஷம் ஆகியிருந்தது.

அப்போதுதான் கற்பகம் ஞாபகம் வந்தது. என் அக்கா மகள், பிள்ளைப்பாக்கத்தில் வாழ்க்கைப்பட்டவள், ஒரு கம்பெனியில் லைனில் வேலை. பேச்சு மலிவு என்று சின்ன மாப்பிள்ளை சிம்மை வாங்கிவைத்துக்கொண்டு, மாடிக்கு ஏறி ஒரு மூலையில் நின்றுதான் பேசுவாள். “போன் பேசறியா, காக்காவுக்கு சோறு வைக்கிறியா?” என்று நான் கேட்காத நாள் கிடையாது. கேலி செய்த வாயாலேயே வேண்டிக்கொண்டு போட்டேன். மணி அடித்தது!

“இன்னா சின்னம்மா, இந்நேரத்துல? டீ போடலியா?”

“கற்பகம், ஏகாம்பரம் ஷெட்டாண்ட ஓடு. காத்தாடி சுத்துதான்னு பாரு.”

“செகண்ட் ஷிப்ட் சின்னம்மா. பஸ் வந்துகினு கீது. யூனிபார்ம்ல நிக்கிறேன்.”

“பஸ்ஸு நாளைக்கும் வரும். ஓடுடீ!”

நான் அப்படிக் கத்துவேன் என்று எனக்கே தெரியாது. ஆபீசே திரும்பிப் பார்த்தது. மேனேஜர் காதில் போனோடு அறையிலிருந்து வெளியே வந்து நின்றார். வழக்கமாக இப்படி நாலு பேர் பார்த்தால் நான் போனை வைத்துவிடுவேன். அன்றைக்கு வைக்கவில்லை. கற்பகத்தின் செருப்புச் சத்தம் கேட்டது. அவள் மூச்சு வாங்குவது கேட்டது. தெருநாய் ஒன்று கொஞ்ச தூரம் கூடவே குரைத்துக்கொண்டு வந்தது. அப்புறம் அவள் நின்றாள்.

“சத்தமே இல்ல சின்னம்மா.”

“இன்னா சத்தம்?”

“காத்தாடி நின்னு கீது. ஜெனரேட்டரும் ஓடல. இங்க யாருமே காணோம்.”

“படுதாவ அவுத்து வுடு. வாசலாண்ட சுவத்துல கைப்புடி கீது பாரு, அத்தப் புடிச்சி சுத்து. ரெண்டு பக்கமும் எறக்கு. எறக்கிட்டுப் போய் அவர எழுப்பு.”

“நாத்தம் தாங்கல சின்னம்…”

கட்டாகிவிட்டது. ஷெட்டுக்குள் சின்னவரின் ரெண்டு கோடும் நிற்கவில்லை போலிருக்கிறது.

அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மேனேஜர் பெரிய கம்பெனிக்காரரிடம், “சார், பத்து நிமிஷத்துல கூப்பிடறேன்” என்று சொல்லி வைத்துவிட்டு என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். ரெண்டு பேரும் இருபத்தெட்டு புள்ளி நாலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவருக்கு டீ வேண்டுமா என்று கேட்டேன். “நீங்க உக்காருங்கம்மா” என்றார். ஆறு வருஷத்தில் அவர் டீயை வேண்டாம் என்று சொன்னது அன்றைக்குத்தான்.

போன் வந்தது. கற்பகம் மாடி மூலைக்குப் போய்விட்டாள் என்று குரலிலேயே தெரிந்தது. படுதா இறங்கிவிட்டது. ஏகாம்பரம் வீட்டு வேப்பமரத்தடியில் படுத்திருந்தவரை உலுக்கி எழுப்பினாளாம். அவர் ஓடிவந்து ஜெனரேட்டரைப் பார்த்தாராம், டீசல் குழாயில் காற்று அடைத்து நின்றிருந்தது. கடைக்கோடியில் நூறு கோழி போலப் போய்விட்டது. மற்றதெல்லாம் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறதாம், ஆனால் நிற்கிறதாம்.

“யூனிபார்ம் பூரா இறக்கை சின்னம்மா. பஸ்ஸும் போச்சு. சூப்பர்வைசர் கேட்டா இன்னான்னு சொல்றது?”

“கோழிக்கு ஒடம்பு சரியில்லன்னு சொல்லு” என்றேன்.

ரெண்டு நாள் கழித்து டெக்னீஷியனும் நானும் ஷெட்டுக்குப் போனோம். திட்டு வாங்கத் தயாராகத்தான் போனேன். நூறு கோழி என்பது சும்மா இல்லை. ஏகாம்பரம் திட்டவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. எங்களை வெளியே கூட்டிக்கொண்டு போய், தூரத்தில் நின்ற டவரைக் கையால் காட்டினார்.

“அத்தப் பாருக்கா. மேல கட்டிக்கினு கீதே, அது உன் மூத்த மாப்பிள்ளை. அதுக்குக் கீழ கட்டிக்கினு கீதே, அது நடு மாப்பிள்ளை. ரெண்டு பேரும் ஒரே கட்டில்ல படுத்துக்கினு கீறாங்க. அன்னிக்கு டவருக்கு டீசல் ஊத்துற வண்டி வரல. கட்டிலே சாஞ்சிடுச்சி.”

அஞ்சு கோடு ரெண்டு பேருக்கும் வந்ததே பக்கத்தில் ஒரே டவரில் இருப்பதால்தான். ரெண்டு கோடு காட்டிய சின்னவர் ஏரிக்கு அந்தப் பக்கம் வேறொரு டவரில் இருந்தார். தூரத்தில் இருப்பதால்தான் கோடு குறைவு, தூரத்தில் இருந்ததால்தான் அன்றைக்கு அவர் மட்டும் முழித்திருந்தார். நாங்கள் வேண்டாம் என்று ஒதுக்கியதுதான் உண்மையான ரெண்டாவது வழி.

“உங்களுக்கு எப்படித் தெரியும்ணே?” என்று டெக்னீஷியன் கேட்டார்.

“என் பங்காளி நெலத்துலதான்பா டவர் நிக்குது. ரெண்டாவது கம்பெனிக்காரன் ஏறிக் கட்டும்போது நாந்தான் கயிறு புடிச்சேன். நீ லேப்டாப்பக் கேட்ட, போனக் கேட்ட. என்ன ஒரு வார்த்தை கேட்டியா?”

அவரை விடுங்கள், தினமும் பஸ்ஸில் அந்த டவரைத் தாண்டித்தான் நான் ஆபீசுக்கு வந்துபோனேன். ஒரு நாளும் தலையைத் தூக்கிப் பார்க்கவில்லை.

நடுவரைக் கழற்றிவிட்டுச் சின்னவரைப் போடச் சொன்னேன். டெக்னீஷியன் தலையைச் சொறிந்தார். “ரிப்போர்ட்டுல சிக்னல் மோசம்னு எழுதணுமேக்கா. மாசா மாசம் மார்க்கு கொறையும்.” மேனேஜரும் முதலில் அதைத்தான் சொன்னார். சைட் ரிப்போர்ட்டில் நான் ஒரு டிக் போட்டால்தான் பைல் மூடும். நான் டிக் போடவில்லை. சண்டை போடத் தெரியாது, அதனால் பேனாவைக் காணோம் என்று மூன்று நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் மேனேஜர் தன் பேனாவை எடுத்து, “சிக்னல் மோசம், வேறு டவர், மாற்றக்கூடாது” என்று தமிழிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டு, பேனாவையும் என்னிடமே கொடுத்துவிட்டார்.

ஏகாம்பரம் சைரன் ஒயரை மறுபடி மாட்டிக்கொண்டார். “உன் மேல நம்பிக்க இல்லாம இல்லக்கா” என்று சங்கடப்பட்டார். “மாட்டு தம்பி, அக்கம்பக்கத்துல நான் பேசறேன்” என்றேன். பேசவில்லை, கற்பகத்தை அனுப்பிப் பேசவைத்தேன்.

அதற்குப் பிறகு எந்த சைட்டுக்குப் போனாலும், போனை வெளியே எடுப்பதற்கு முன்னால் டெக்னீஷியன் பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்துவிடுவார். எந்த டவர் எங்கே நிற்கிறது, எதில் யார் யார் கட்டியிருக்கிறார்கள், கரண்ட் போனால் எது முதலில் போகும் என்று விசாரிப்பார். அவர் பேச்சு புரியாமல் டீக்கடைக்காரர்கள் ரெண்டு தரம் கேட்பார்கள். ரெண்டு டீ ஆகும். அதற்கு மேனேஜர் கணக்குக் கேட்டதில்லை.

ஏன் எழுதுகிறேன் என்று கடைசியில் சொல்வதாகச் சொன்னேன். போன வாரம் கற்பகம் வந்திருந்தாள். ஆபீசிலிருந்து புதுப் பிள்ளைகள் ரெண்டு பேர் ஏகாம்பரம் ஷெட்டுக்கு வந்தார்களாம், ரொம்ப மரியாதையான பிள்ளைகளாம். “இந்த சிம்ல ரெண்டு கோடுதாண்ணே வருது, மாத்திட்டோம், இனி ரெண்டுமே புல் சிக்னல்” என்று சொல்லிவிட்டுப் போனார்களாம். ஏகாம்பரம் அப்போது வெளியூரில். ஷெட்டில் இருந்த ஆளும் புதுசு. சந்தோஷமாகத் தலையாட்டியிருக்கிறார்.

அந்த ரெண்டு பேர் யார் என்று கேட்கமாட்டேன். அஞ்சு கோட்டைப் பார்த்தால் யாருக்கும் கை போகும். எனக்கும் போனது.

இதில் வருஷம் தப்பாக இருக்கலாம். 2012 என்று நினைக்கிறேன், அதற்கு அடுத்ததாகவும் இருக்கலாம். மூன்று பெட்டியா நாலா என்பதிலும் எனக்குச் சந்தேகம் உண்டு. அந்த டெக்னீஷியனைக் கேட்டால் சரியாகச் சொல்வார். அதையெல்லாம் யாராவது பிறகு நிதானமாகப் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். முதலில் ஒருத்தர் பிள்ளைப்பாக்கத்துக்குப் போய், அந்த ரெண்டு சிம்மும் இப்போது எந்த டவரில் இருக்கின்றன என்று பார்த்துவிட்டு வாருங்கள். கத்திரி தொடங்க இன்னும் பத்து நாள்கூட இல்லை.